லினக்ஸ் கணினியில் சத்தம் வரவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸில் சத்தம் நின்றுபோனால் பலரும் செய்யும் முதல் காரியம், இணையத்தில் கண்ணில் பட்ட நாலு கட்டளைகளை எடுத்து டெர்மினலில் ஒட்டுவதுதான். அதில் ஒன்று வேலை செய்துவிட்டால் சரி. இல்லாவிட்டால், முதலில் ஒன்றாக இருந்த கோளாறு மூன்றாகிவிடும். எந்த இடத்தில் சத்தம் அறுந்துபோகிறது என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதைப் பற்றியவை.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்துகளில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆல்சா, பல்ஸ்ஆடியோ, பைப்வயர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என் கணினியில் ஓடுவது எது?

அடியில் இருப்பது ஆல்சா. சவுண்ட் கார்டோடு நேரடியாகப் பேசும் டிரைவர்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப்பகுதி) இருந்து லினக்ஸின் முதன்மை ஒலி அமைப்பு இதுதான். உங்கள் டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை) எதுவாக இருந்தாலும் ஆல்சா உண்டு.

அதற்கு மேலே ஒரு சவுண்ட் சர்வர் இருக்கும். பிரவுசரில் இருந்து வரும் பாட்டையும், மீட்டிங்கில் வரும் குரலையும், அறிவிப்பு மணியையும் ஒன்றாகக் கலந்து கார்டுக்கு அனுப்புவது அதன் வேலை. இந்த வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தது பல்ஸ்ஆடியோ. லென்னார்ட் பொயட்டரிங் 2004-இல் தொடங்கியது. 2007-இல் ஃபெடோரா 8 அதை இயல்பாக எடுத்துக்கொண்டது. இப்போது அந்த இடத்தில் விம் டேமன்ஸ் தொடங்கிய பைப்வயர் இருக்கிறது. 2021-இல் ஃபெடோரா 34, 2022-இல் உபுண்டு 22.10 என்று ஒவ்வொன்றாக மாறின. பைப்வயரின் 1.0 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது. அதோடு வயர்ப்ளம்பர் என்று இன்னொன்றும் ஓடும். எந்தச் சத்தம் எந்தச் சாதனத்துக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான்.

உங்களிடம் எது ஓடுகிறது என்று பார்க்க:

பிஏசிடிஎல் இன்ஃபோ

அதில் 'சர்வர் நேம்' என்ற வரியைப் பாருங்கள். 'பல்ஸ்ஆடியோ (ஆன் பைப்வயர்...)' என்று இருந்தால் பைப்வயர், வெறும் பல்ஸ்ஆடியோ என்று இருந்தால் பழையது. அந்தப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பல்ஸ்ஆடியோவுக்காக எழுதிய செயலிகளைக் கைவிடாமல் நடத்த, பைப்வயர் அதன் மொழியையும் பேசுகிறது. அதனால்தான் அப்படிக் காட்டுகிறது. 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தால் சர்வரே ஓடவில்லை.

சத்தமே இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

வயரில் இருந்து. டெஸ்க்டாப் பெட்டியின் பின்புறத்தில் இளம்பச்சை வளையம் உள்ள ஓட்டைதான் ஸ்பீக்கருக்கு. இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் லைன்-இன்னுக்கு. ஸ்பீக்கருக்குத் தனி மின்சார சுவிட்சு இருந்தால் அதையும் பாருங்கள். பிறகு செட்டிங்ஸில் எந்த அவுட்புட் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். மானிட்டரின் ஹெச்டிஎம்ஐ தேர்வாகியிருந்தால், ஸ்பீக்கர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பேசாது.

இதெல்லாம் சரி என்றால் பாவுகண்ட்ரோல் என்ற சின்ன மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். பல்ஸ்ஆடியோ காலத்தது, பைப்வயரிலும் அப்படியே வேலை செய்யும். லினக்ஸில் ஒலிக்கோளாறு பார்க்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு பாட்டை ஓடவிட்டு, 'பிளேபேக்' தாவலைத் திறங்கள். ஓடும் செயலியின் பெயருக்குக் கீழே ஒரு பட்டை பாட்டுக்கு ஏற்பத் துடித்துக்கொண்டிருக்கும்.

அங்கே செயலியின் பெயரே இல்லை என்றாலோ, பட்டை அசையவில்லை என்றாலோ, கோளாறு செயலியில். பட்டை அங்கே துடிக்கிறது, ஆனால் 'அவுட்புட் டிவைசஸ்' தாவலில் உங்கள் ஸ்பீக்கருக்குக் கீழே உள்ள பட்டை அசையவில்லை என்றால், சத்தம் வேறு சாதனத்துக்குப் போகிறது. பிளேபேக் தாவலிலேயே அந்தச் செயலிக்குப் பக்கத்தில் சாதனத்தை மாற்றலாம். இரண்டு பட்டைகளும் துடிக்கின்றன, காதில் மட்டும் ஒன்றுமில்லை என்றால், சர்வர் தன் வேலையைச் செய்துவிட்டது; கோளாறு அதற்குக் கீழே, ஆல்சாவிலோ வயரிலோ இருக்கிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் பைப்வயரை அழித்துத் திரும்ப நிறுவியவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். பாதிப் பேருக்கு பைப்வயரில் கோளாறே இருந்திருக்காது.

சர்வரைத் தாண்டி நேரடியாகக் கார்டைச் சோதிக்க:

ஸ்பீக்கர்-டெஸ்ட் -டி பிளக்ஹெச்டபிள்யூ:0,0 -சி 2 -டி டபிள்யூஏவி

இதில் முதல் 'டி' ஆங்கிலத்தின் நான்காவது எழுத்து, அதுவும் பெரிய எழுத்தில். இரண்டாவது 'டி', டெஸ்ட் என்பதில் வரும் சின்ன எழுத்து. இடமும் வலமும் மாறி மாறி ஒரு பெண் குரல் பேசும். 0,0 என்பது முதல் கார்டின் முதல் சாதனம். உங்களுக்கு வேறு எண்ணாக இருக்கலாம். 'டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி' என்று வந்தால், ஓடும் பாட்டை நிறுத்திவிட்டுச் சில நொடிகள் பொறுங்கள். சும்மா இருக்கும் கார்டை வயர்ப்ளம்பர் 5 நொடியில் விட்டுவிடும்.

செட்டிங்ஸில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் காட்டுகிறது. என்ன அர்த்தம்?

சவுண்ட் சர்வர் ஓடுகிறது, ஆனால் அதன் கண்ணுக்கு ஒரு கார்டும் தெரியவில்லை. செயலிகள் முறிந்து விழாமல் இருக்க ஒரு போலிச் சாதனத்தை வைத்திருக்கிறது. கார்டு கெர்னலுக்காவது தெரிகிறதா?

ஏபிளே -எல்

அந்த 'எல்' சின்ன எழுத்து. எண் ஒன்று என்று படித்துவிடாதீர்கள். 'நோ சவுண்ட்கார்ட்ஸ் ஃபவுண்ட்' என்று வந்தால் கெர்னலுக்கே தெரியவில்லை. அப்போது பைப்வயர் பக்கம் போகவே வேண்டாம். எல்எஸ்பிசிஐ -கே என்று அடித்து, 'ஆடியோ' என்று வரும் சாதனத்தைத் தேடுங்கள். அதற்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்க வேண்டும். ஆடியோ சாதனமே பட்டியலில் இல்லை என்றால், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) மதர்போர்டின் ஆடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

சாதனம் இருக்கிறது, டிரைவரும் இருக்கிறது, ஆனாலும் கார்டு வரவில்லை என்றால், சமீபத்திய லேப்டாப்களில் பெரும்பாலும் ஃபர்ம்வேர்தான் காரணம். இன்டெலின் புதிய சிப்களில் ஒலிக்கென்றே தனியாக ஒரு சிறு ப்ராசஸர் உண்டு. அது எழுந்து வேலை செய்ய, சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற கோப்புகள் வேண்டும். டெபியனில் அதன் பேக்கேஜ் பெயர் ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்டு, ஃபெடோராவில் ஆல்சா-சோஃப்-ஃபர்ம்வேர், ஆர்ச்சில் சோஃப்-ஃபர்ம்வேர். கெர்னலின் செய்திப் பதிவில், அதாவது சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்ட முன்னால் போடும் சொல்) போட்டு 'டிமெஸ்ஜி' என்று அடித்தால் வருவதில், 'சோஃப்' என்று தேடிப் பாருங்கள். ஃபர்ம்வேர் ஏற்றமுடியவில்லை என்ற வரியின் கடைசியில் -2 என்று இருந்தால், கோப்பு இல்லை என்று அர்த்தம். பேக்கேஜை நிறுவி ரீபூட் செய்தால் வந்துவிடும்.

ஏபிளேயில் கார்டு வருகிறது, டம்மி அவுட்புட் மட்டும் போகவில்லை என்றால் கதை வேறு. வேறு ஏதோ ஒரு செயலி கார்டைப் பிடித்துவைத்திருக்கலாம். ஃபியூசர் -வி /டெவ்/எஸ்என்டி/* என்ற கட்டளை யார் என்று காட்டிக்கொடுக்கும். பாவுகண்ட்ரோலின் 'கான்ஃபிகரேஷன்' தாவலில் அந்தக் கார்டின் ப்ரொஃபைல் (கார்டு எந்த விதத்தில் இயங்க வேண்டும் என்ற தேர்வு) 'ஆஃப்' என்று இருக்கலாம். அல்லது வயர்ப்ளம்பர் விழுந்து கிடக்கலாம். மூன்றையும் பார்த்துவிட்டு:

சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் வயர்ப்ளம்பர் பைப்வயர் பைப்வயர்-பல்ஸ்

இந்தக் கட்டளைக்கு சூடோ வேண்டாமா?

வேண்டாம். சவுண்ட் சர்வர் உங்கள் பயனர் கணக்கில் ஓடுவது, ரூட் என்ற நிர்வாகி கணக்கில் இல்லை. சூடோ போட்டால் ரூட்டின் சர்வரைத் தேடும். அங்கே எதுவும் இருக்காது.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம்: உங்கள் பெயரை 'ஆடியோ' குழுவில் சேருங்கள் என்று பழைய கட்டுரைகள் சொல்லும். இப்போதைய டெஸ்க்டாப்களில் திரைக்கு முன் லாகின் செய்திருப்பவருக்குக் கார்டின் அனுமதி தானாகவே கிடைக்கிறது. சூடோவோடு ஏபிளே கார்டைக் காட்டுகிறது, சூடோ இல்லாமல் காட்டவில்லை என்றால், அந்தத் தானியங்கி அனுமதி ஏன் வேலை செய்யவில்லை என்று பாருங்கள். லாக்-அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தாலே பலருக்குச் சரியாகிவிடும்.

ஹெட்போனில் நன்றாகக் கேட்கிறது, ஸ்பீக்கரில் மட்டும் வரவில்லை.

இதற்கு ஆல்சாமிக்ஸரைத் திறந்துதான் ஆக வேண்டும். டெர்மினலில் அந்தப் பெயரை அடித்தால், பெரும்பாலும் 'மாஸ்டர்' என்று ஒரே ஒரு தூண்தான் தெரியும். அது பைப்வயர் காட்டும் முகம். எஃப்6 அழுத்தி உங்கள் உண்மையான கார்டைத் தேர்ந்தெடுங்கள். இப்போது மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர், பிசிஎம், லைன் அவுட் என்று வரிசையாகத் தூண்கள் எழும். ஒவ்வொரு தூணின் அடியிலும் ஒரு சின்னக் கட்டம். அதில் 'ஓ ஓ' போல இருந்தால் திறந்திருக்கிறது. 'எம் எம்' என்று இருந்தால் வாய் கட்டப்பட்டிருக்கிறது. அம்புக்குறியால் அங்கே போய் எம் விசையைத் தட்டினால் திறக்கும். பச்சையும் வெள்ளையும் சிவப்புமாகத் தூண் எவ்வளவு உயரம் எழுந்திருந்தாலும் அடியில் எம் எம் இருந்தால் சத்தம் வராது. பலர் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

அதோடு நிறுத்தாதீர்கள். வலது அம்பை அழுத்திக்கொண்டே கடைசிவரை போனால், திரைக்கு வெளியே ஒளிந்திருக்கும் 'ஆட்டோ-மியூட் மோடு' வரும். ஹெட்போன் செருகினால் ஸ்பீக்கரைத் தானாக அடக்குவது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் டெஸ்க்டாப்பின் ஸ்பீக்கர் பேசவில்லை. பாவுகண்ட்ரோலில் இரண்டு பட்டைகளும் துடித்தன. ஸ்பீக்கரை வேறு கணினியில் மாட்டினால் பாடியது. சாயங்காலம் ஆல்சாமிக்ஸரில் லைன் அவுட் தூணைத் திறந்துவைத்தும் பேசவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: பெட்டியின் முன்பக்க ஓட்டையில் ஒரு ஹெட்போன் நீட்டிப்பு வயர் செருகியபடியே இருந்தது. அதன் மறுமுனையில் ஒன்றும் இல்லை. ஆனால் கார்டுக்குத் தெரிவது பிளக் உள்ளே இருக்கிறதா என்பது மட்டும்தான். அந்த வயரின் மறுமுனையில் காது இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. வயரை உருவியதும் ஸ்பீக்கர் பேசியது.

பிளக் எதுவும் இல்லாமலே ஹெட்போன் இருப்பதாகக் கணினி நம்பினால், ஓட்டைக்குள் இருக்கும் சிறு ஸ்பிரிங் தகடு வளைந்திருக்கலாம், தூசி அடைத்திருக்கலாம். ஹெட்போனை நாலைந்து முறை செருகி எடுத்துப் பாருங்கள். சரியாகும்வரை ஆட்டோ-மியூட்டை 'டிஸேபிள்டு' என்று மாற்றிவைத்துக்கொள்ளலாம். மாற்றியதை நிலைநிறுத்த சூடோ ஆல்சாசிடிஎல் ஸ்டோர்.

பெட்டியின் முன்பக்க ஓட்டையில் எதுவுமே வேலை செய்யவில்லை.

பின்பக்கம் வேலை செய்கிறது என்றால், பெட்டிக்குள் இருந்து மதர்போர்டுக்குப் போகும் முன்பேனல் ஆடியோ வயரைப் பாருங்கள். அதைச் செருகாமலே விட்டிருப்பது சகஜம். பயாஸில் முன்பேனல் வகை 'ஹெச்டி ஆடியோ' என்று இருக்க வேண்டும். பழைய 'ஏசி97' என்று இருந்தால் பிளக் உள்ளே வந்ததே கார்டுக்குத் தெரியாது.

ஹெச்டிஎம்ஐ மானிட்டரில் படம் வருகிறது, சத்தம் வரவில்லை.

பாவுகண்ட்ரோலின் கான்ஃபிகரேஷன் தாவலில் கிராஃபிக்ஸ் கார்டின் ஆடியோவுக்கு ஹெச்டிஎம்ஐ ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எண்களுக்கும் ஓட்டைகளின் வரிசைக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. மானிட்டருக்கு ஸ்பீக்கர் இருக்கிறதா, அதன் மெனுவில் வால்யூம் ஏற்றியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பாட்டு தொடங்கும்போது முதல் நொடி வெட்டுப்படுகிறது. சில நேரம் 'டப்' என்று ஒரு சத்தம்.

இரண்டும் தூக்கத்தில் இருந்து எழும்போது வருபவை. வயர்ப்ளம்பர் சும்மா இருக்கும் சாதனத்தை 5 நொடியில் விட்டுவிடும் என்று மேலே சொன்னேன் அல்லவா? மறுபடி திறக்கும்போது ஹெச்டிஎம்ஐ மானிட்டர்கள் விழித்துக்கொள்ள நேரம் எடுக்கும். அந்த நேரத்துச் சத்தம் போச்சு. வயர்ப்ளம்பர் அமைப்பில் அந்தச் சாதனத்துக்கு செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ் மதிப்பை 0 ஆக்கினால் விடவே விடாது.

'டப்' சத்தம் பெரும்பாலும் கெர்னல் டிரைவரின் மின்சேமிப்பால் வருவது. கார்டுக்கு மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுக்கும்போது ஸ்பீக்கர் உதைக்கிறது. /எட்சி/மோட்ப்ரோப்.டி கோப்புறையில் ஒரு கோப்பு எழுதி, அதில் இந்த வரியை வைத்து ரீபூட் செய்யுங்கள்:

ஆப்ஷன்ஸ் எஸ்என்டி_ஹெச்டிஏ_இன்டெல் பவர்_சேவ்=0

லேப்டாப்பில் டிஎல்பி என்ற மின்சேமிப்புக் கருவியை நிறுவியிருந்தால் அதுவும் இதே மதிப்பை மாற்றும், அதன் கோப்பிலும் திருத்த வேண்டும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

பாட்டு நடுவில் கரகரவென்று உடைகிறது.

கார்டு சத்தத்தைத் துளித்துளியாகக் கேட்டு வாங்குகிறது. பைப்வயர் இயல்பாக ஒவ்வொரு முறையும் 1024 மாதிரிகளை (ஒலி அலையின் சிறு அளவீடுகள்) தயார் செய்கிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் அது சுமார் 21 மில்லிநொடி. அந்த 21 மில்லிநொடிக்குள் அடுத்த துண்டு வந்து சேராவிட்டால் நடுவே ஓர் ஓட்டை விழும். காதுக்கு அது கரகரப்பு. எனவே கேட்க வேண்டியது, யார் தாமதம் செய்கிறார்கள் என்பது.

பிடபிள்யூ-டாப் என்று அடியுங்கள். ஓடும் ஒவ்வொரு சாதனமும் செயலியும் ஒரு வரியில் வரும். 'குவாண்ட்' என்ற பத்தியில் இந்தத் துண்டின் அளவு இருக்கும். 'எர்' என்ற பத்திதான் முக்கியம். கரகரக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எண் ஏறினால், மாதிரிகள் நேரத்துக்கு வரவில்லை என்பது உறுதி. யாருடைய வரியில் ஏறுகிறது என்று பாருங்கள். ஒரு விளையாட்டு 128, 256 என்று சின்னத் துண்டு கேட்டு, அதன் பிறகு தானே நேரத்துக்குத் தராமல் எல்லாரையும் இழுத்துவிடுவதை அடிக்கடி பார்க்கலாம்.

சோதனைக்குத் துண்டைப் பெரிதாக்க:

பிடபிள்யூ-மெட்டாடேட்டா -என் செட்டிங்ஸ் 0 கிளாக்.ஃபோர்ஸ்-குவாண்டம் 2048

கரகரப்பு நின்றால் நோய் அதுதான். இந்த மாற்றம் பைப்வயரை மறுபடி தொடங்கும்வரைதான் இருக்கும். 2048 இருக்கும் இடத்தில் 0 போட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்பும். நிரந்தரமாக வேண்டும் என்றால் உங்கள் ஹோம் கோப்புறையில் .கான்ஃபிக்/பைப்வயர்/பைப்வயர்.கான்ஃப்.டி என்பதற்குள் ஒரு கோப்பு எழுதி, டிஃபால்ட்.கிளாக்.மின்-குவாண்டம் மதிப்பை உயர்த்துங்கள். /யூஎஸ்ஆர் பக்கம் இருக்கும் மூலக்கோப்பைத் திருத்த வேண்டாம். அடுத்த அப்டேட் அதை அழித்துவிடும். துண்டு பெரிதாகப் பெரிதாகத் தாமதமும் கூடும். பாட்டுக் கேட்பவருக்கு 43 மில்லிநொடி தெரியாது. கீபோர்டு வாசித்துப் பதிவு செய்பவருக்கு விரலுக்கும் காதுக்கும் நடுவே அது நன்றாகவே தெரியும்.

எர் எண் ஏறாமலே கரகரக்கிறதா? அப்படியானால் வால்யூமைப் பாருங்கள். செட்டிங்ஸில் 100 சதவீதத்துக்கு மேல் ஏற்றியிருந்தால் அலையின் தலை வெட்டுப்பட்டு உடையும். அதுவும் இல்லை என்றால் வயர், ஜாக், ஸ்பீக்கர்.

மைக் வேலை செய்யவில்லை. அல்லது வேலை செய்கிறது, ஆனால் ஒரே இரைச்சல்.

மீட்டிங் செயலியை வைத்துச் சோதிக்காதீர்கள். அது சத்தத்தை வடிகட்டும், தானாக ஏற்றி இறக்கும். எதையும் நம்பிச் சொல்ல முடியாது. நேராகப் பதிவு செய்து கேளுங்கள்:

ஏரெக்கார்ட் -டி 5 -எஃப் சிடி சோதனை.டபிள்யூஏவி

இங்கே 'டி' நான்காவது எழுத்து, சின்னது. 5 என்பது நொடி. கோப்புக்கு ஆங்கிலத்தில் ஏதாவது பெயர் வையுங்கள். பேசிவிட்டு ஏபிளே போட்டு அதே கோப்பைக் கேளுங்கள். உங்கள் குரல் கேட்டால் மைக் நன்றாக இருக்கிறது, செயலியின் அனுமதியைப் போய்ப் பாருங்கள். ஸ்னாப் (உபுண்டுவின் தனிப் பேக்கேஜ் முறை) வழியாக நிறுவிய செயலிகளுக்கு ஆடியோ-ரெக்கார்ட் என்ற இணைப்பைத் தனியாகத் தர வேண்டியிருக்கும். பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் மைக் தடை செய்யப்பட்டிருக்கிறதா என்பதிலும் ஒரு கண் வையுங்கள்.

பதிவில் ஒன்றுமே இல்லை என்றால் ஆல்சாமிக்ஸரில் எஃப்6 அழுத்திக் கார்டைத் தேர்ந்தெடுத்து, பிறகு எஃப்4 அழுத்துங்கள். 'கேப்ச்சர்' தூணில் ஸ்பேஸ் விசையைத் தட்டினால் பதிவு திறக்கும். திறந்திருந்தால் தூணுக்குக் கீழே சிவப்பில் எழுத்து தெரியும். லேப்டாப்களில் மைக்கை அணைக்கும் விசை ஒன்று மேல்வரிசையில் இருக்கும், அதன் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

இரைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் 'மைக் பூஸ்ட்'. ஒரு படிக்கு 10 டெசிபெல் என்று 30 வரை போகும். 30 என்றால் அலையை முப்பது மடங்குக்கும் மேல் பெருக்குகிறது. குரலோடு மின்விசிறியும் சுற்றுவட்டார மின்சார முனகலும் அதே அளவு பெருகும். பூஸ்ட்டை 0 அல்லது 10-க்கு இறக்கி, கேப்ச்சரை ஏற்றி, மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். மைக்கை நெருக்குவதால் கிடைக்கும் தெளிவு எந்த வடிகட்டியாலும் கிடைக்காது.

இன்னொன்று: போனுக்கு வாங்கிய ஹெட்செட்டின் பிளக்கில் மூன்று கறுப்பு வளையங்கள், நான்கு உலோகப் பட்டைகள் இருக்கும். டெஸ்க்டாப் பெட்டியில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனி ஓட்டை. அதில் நேராகச் செருகினால் பாட்டு கேட்கும், மைக் கேட்காது. இரண்டாகப் பிரிக்கும் ஒரு சிறு வயர் வேண்டும். எந்தக் கட்டளையும் இதற்கு உதவாது.

புளூடூத் ஹெட்போனில் பாட்டு அருமையாக இருக்கிறது. மீட்டிங் தொடங்கியதும் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது.

கோளாறு இல்லை, புளூடூத் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. பாட்டு வருவது ஏ2டிபி என்ற ப்ரொஃபைலில். அது ஒருவழிப்பாதை, கணினியில் இருந்து காதுக்கு மட்டும். மைக் வேண்டும் என்றால் ஹெச்எஃப்பி அல்லது ஹெச்எஸ்பி என்ற ப்ரொஃபைலுக்கு மாற வேண்டும். அதில் இருபக்கமும் பேசலாம், ஆனால் சிவிஎஸ்டி கோடெக்கில் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை) நொடிக்கு 8,000 மாதிரிகள்தான். எம்எஸ்பிசி இருந்தால் 16,000. பாட்டுக்கு வழக்கமாக 44,100 அல்லது 48,000. வித்தியாசம் காதுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

ஏதாவது ஒரு செயலி மைக்கைத் தொட்ட உடனே வயர்ப்ளம்பர் தானாக மாற்றிவிடும். நல்ல வழி: மைக்குக்கு லேப்டாப்பின் மைக்கையோ தனி யூஎஸ்பி மைக்கையோ வைத்துக்கொண்டு, ஹெட்போனைக் கேட்பதற்கு மட்டும் விட்டுவிடுவது. நான் அப்படித்தான் செய்கிறேன். எதிர்முனையில் இருப்பவர்களுக்கும் குரல் தெளிவாக இருக்கிறது. தானியங்கி மாற்றத்தை நிறுத்த, வயர்ப்ளம்பர் 0.5 பதிப்பில் இருந்து:

டபிள்யூபிசிடிஎல் செட்டிங்ஸ் --சேவ் புளூடூத்.ஆட்டோஸ்விட்ச்-டு-ஹெட்செட்-ப்ரொஃபைல் ஃபால்ஸ்

புளூடூத்தில் 'கனெக்டட்' என்று காட்டுகிறது, ஆனால் அவுட்புட் பட்டியலில் வரவில்லை.

டெபியன் குடும்பத்தில் பைப்வயருக்கான புளூடூத் பகுதி தனிப் பேக்கேஜ்: லிப்ஸ்பா-0.2-புளூடூத். அதை நிறுவி, மேலே சொன்ன ரீஸ்டார்ட் கட்டளையை ஓட்டி, ஹெட்போனைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். சத்தம் வந்து விட்டுவிட்டு அறுந்தால், புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசையில் இடித்துக்கொள்கின்றன. வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். புளூடூத் டாங்கிள் ஒரு யூஎஸ்பி 3 டிரைவுக்குப் பக்கத்தில் இருந்தால் தள்ளிவையுங்கள். அந்த டிரைவும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும்.

யூஎஸ்பி ஹெட்செட் அடிக்கடி காணாமல் போகிறது.

ஹப்பைத் தவிர்த்து, நேராகக் கணினியின் ஓட்டையில் செருகிப் பாருங்கள். டிமெஸ்ஜி பதிவில் 'டிஸ்கனெக்ட்' என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால் வயர் அல்லது ஹப்.

நேற்றுவரை வேலை செய்தது, அப்டேட் செய்ததும் போய்விட்டது.

ரீபூட் செய்தீர்களா? சில டிஸ்ட்ரோக்களில் புதிய கெர்னல் நிறுவப்படும்போது பழையதின் மாட்யூல்கள் (டிரைவர் கோப்புகள்) அழிக்கப்பட்டுவிடும். ஓடுவது பழைய கெர்னல், அதற்கான டிரைவர் கோப்பு வட்டில் இல்லை. புதிதாகச் செருகிய எதுவும் வேலை செய்யாது.

ரீபூட் செய்தும் வரவில்லை என்றால், தொடக்கத்தில் வரும் கிரப் மெனுவில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் சத்தம் வந்தால் புதிய கெர்னலில் ஏதோ மாறியிருக்கிறது. டிஸ்ட்ரோவின் பிழைப்பட்டியலில் தெரிவியுங்கள். உங்களைப் போல இன்னும் நூறு பேர் அதே லேப்டாப்போடு தவித்துக்கொண்டிருப்பார்கள்.

வயர்ப்ளம்பரில் நீங்களே லூவா மொழியில் எழுதிய அமைப்புக்கோப்பு இருக்கிறதா? 2024-இல் வந்த 0.5 பதிப்பு அவற்றைப் படிப்பதில்லை; .கான்ஃப் வடிவத்தில் மறுபடி எழுத வேண்டும்.

நான் தேர்ந்தெடுத்த சாதனம் நிலைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் வேறொன்றுக்குத் தாவுகிறது.

டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ் அடித்தால் சாதனங்களின் எண்கள் வரும். இயல்பானதற்கு முன் நட்சத்திரக்குறி இருக்கும். டபிள்யூபிசிடிஎல் செட்-டிஃபால்ட் என்று அடித்து எண்ணைக் கொடுங்கள். அந்த எண்கள் அவ்வப்போது மாறும், மனப்பாடம் செய்யாதீர்கள். ஒருபோதும் பயன்படுத்தாத ஹெச்டிஎம்ஐக்குத் தாவுகிறது என்றால் கான்ஃபிகரேஷன் தாவலில் அதன் ப்ரொஃபைலை ஆஃப் செய்துவிடுங்கள், தாவ இடமே இருக்காது.

எதைச் செய்தும் பழைய தப்பான நினைவு போகவில்லை என்றால், ஹோம் கோப்புறையில் .லோக்கல்/ஸ்டேட்/வயர்ப்ளம்பர் என்பதை வேறு பெயருக்கு மாற்றிவிட்டு வயர்ப்ளம்பரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அழிக்க வேண்டாம், பெயரை மாற்றினாலே போதும். ஒரே ஒரு செயலி மட்டும் எப்போதும் ஊமையாக இருப்பதும் பலமுறை இந்த நினைவால்தான். அந்தச் செயலியை என்றோ மியூட் செய்ததை ஞாபகம் வைத்திருக்கும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில். விண்டோஸுக்குப் போய்வந்தால் லினக்ஸில் சத்தம் இல்லை.

விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' கணினியை முழுதாக அணைப்பதில்லை. ஒலிச் சிப் ஏதோ ஒரு நிலையில் விடப்படுகிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு, விண்டோஸை ஷட்டவுன் செய்து, மின்சாரத்தையும் அரை நிமிடம் துண்டித்துப் பிறகு லினக்ஸைத் தொடங்குங்கள்.

டிஸ்ட்ரோவையே மறுபடி நிறுவிவிடட்டுமா?

அதற்கு முன் ஒரு லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவ்) பூட் செய்து பாருங்கள். பத்து நிமிட வேலை. அதில் சத்தம் வந்தால் உங்கள் வன்பொருள் நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் அமைப்புகளில்; புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் சோதித்தால் இன்னும் நெருங்கிவிடலாம். லைவ் யூஎஸ்பியிலும் வரவில்லை என்றால், அதே டிஸ்ட்ரோவை மறுபடி நிறுவியும் வரப்போவதில்லை. புதிய கெர்னல் உள்ள வேறொரு டிஸ்ட்ரோவின் லைவ் யூஎஸ்பியை முயலுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று. உதவி கேட்கும்போது என்னென்ன கொடுக்க வேண்டும்?

டிஸ்ட்ரோவின் பதிப்பு, யூநேம் -ஆர் காட்டும் கெர்னல் எண், டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ் மற்றும் ஏபிளே -எல் தந்த முழு வெளியீடு. 'சத்தம் வரவில்லை' என்று மட்டும் எழுதாமல், எந்தப் பட்டைவரை துடிக்கிறது, எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். பதில் சொல்பவருக்கு அந்த ஒரு வரி பத்துக் கேள்விகளை மிச்சப்படுத்தும்.

கெர்னல் டிரைவரில்தான் கோளாறு என்று தோன்றினால் ஆல்சா-இன்ஃபோ என்ற ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். கார்டு, கோடெக், மிக்ஸர் நிலை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் திரட்டும். இணையத்தில் ஏற்றட்டுமா என்று கேட்கும். --நோ-அப்லோட் சேர்த்து ஓட்டினால் கேட்காமல் உங்கள் கணினியிலேயே சேமிக்கும். ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.